நொய்யலைத் தேடிய நான்கு நாட்கள்: இயங்குதளம் மாற்றிய பின் பெயர் கிடைக்காமல் போன உள் நெட்வொர்க் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் அவிநாசி சாலையில், அனுப்பர்பாளையத்தைத் தாண்டிச் சற்று உள்ளே, பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர ஆலை ஒன்று இருக்கிறது. அதன் கணினிகளையும் நெட்வொர்க்கையும் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். 2025 தீபாவளி விடுமுறையில் அங்கே 14 கணினிகளை விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் இனியும் தள்ளிப்போட வழியில்லை. தையல் பகுதியில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு வாரத்துக்குமேல் ஆகும் என்பதால், ஆலை அடைத்திருக்கும் அந்த நாட்களே இந்த வேலைக்குத் தோதாக இருந்தன. மீதமிருந்த 8 விண்டோஸ் கணினிகளின் செயலிகள் விண்டோஸ் 11-இன் தகுதி வரம்புக்குள் வராததால், புதியவை வாங்கும்வரை அவற்றை அப்படியே விட்டோம். பேக்கிங் பகுதியில் பெட்டிக்கான ஸ்டிக்கர் அச்சிடும் உபுண்டு லினக்ஸ் கணினி ஒன்றும் டிசைன் அறையில் மேக் ஒன்றும் உண்டு. இரண்டும் அதே வாரத்தில் புதிய பதிப்புக்கு மாறின.

ஆலையின் இரு சர்வர்களுக்கும் எனக்கு முன்பு இருந்தவர் கொங்கு நாட்டு ஆறுகளின் பெயரை வைத்திருந்தார். ஆர்டர், கணக்கு, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள் ஓடும் லினக்ஸ் சர்வர் ‘நொய்யல்’. அதன் முகவரி 192.168.10.5. பேட்டர்ன் கோப்புகளும் மார்க்கர் கோப்புகளும் இருக்கும் சேமிப்புப் பெட்டி ‘அமராவதி-பேட்டர்ன்’. அதன் முகவரி 192.168.10.6. கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்குவதும் உள்ளூர்ப் பெயர்களுக்கு முகவரி சொல்வதும் நொய்யலில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய நிரலின் வேலை. எல்லாப் பெயர்களும் ‘லோக்கல்’ என்ற இறுதியோடு, அதாவது ‘நொய்யல்.லோக்கல்’ என்ற வடிவில், அதில் பதிவாகியிருந்தன. இணையத்துக்கு ஃபைபர் மோடம் ஒன்று.

திங்கட்கிழமை காலை

விடுமுறை முடிந்து ஆலை திறந்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் கட்டிங் மாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. “நெட்டெல்லாம் நல்லா வருதுங்க தம்பி, நொய்யல் மட்டுந்தான் வரமாட்டேங்குது. மார்க்கர் எடுக்க முடியலீங்க” என்றார். மார்க்கர் என்பது துணி அடுக்கின்மேல் விரிக்கும் நீளக் காகிதம். எந்தத் துண்டை எங்கே வெட்டினால் துணி வீணாகாது என்பது அதில் வரையப்பட்டிருக்கும். ப்ளாட்டரில் (அதை வரைந்து தரும் பெரிய பிரிண்டர்) மார்க்கர் வராவிட்டால் கட்டிங் டேபிளில் லே, அதாவது துணி அடுக்கு, விரித்தும் பயனில்லை. கட்டிங் நின்றால் ஒரு நாளுக்குள் தையல் லைனும் காத்து நிற்கும். அந்த வாரத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கும் இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தபோது குறைபாடு எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரியாக இல்லை என்பதே முதலில் குழப்பியது. பழைய 8 கணினிகளில் எந்தச் சிக்கலும் இல்லை. மாற்றிய 14-இல் 13 கணினிகளில் ஆர்டர் மென்பொருள் திறக்கவில்லை, ஆனால் அதே கணினிகளில் கணக்குப் பிரிவினர் ‘நொய்யல்’ என்ற குறும்பெயரால் இணைத்து வைத்திருந்த பொதுக் கோப்புறை திறந்தது. திறக்க மட்டும் இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. “கொஞ்சம் இழுக்குதுங்க” என்று கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் சொன்னதை அப்போது நான் குறித்துக்கொள்ளவில்லை. அமராவதியோ குறும்பெயரிலும் திறக்கவில்லை, முழுப்பெயரிலும் திறக்கவில்லை. பெயருக்குப் பதில் 192.168.10.5 என்று எண்ணைத் தட்டினால் நொய்யல் உடனே வந்தது. மாற்றப்பட்ட கணினிகளில் ஒன்றே ஒன்று, கொள்முதல் பிரிவில் இருந்தது, எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது.

எண்ணில் வருவது பெயரில் வரவில்லை என்றால் கம்பியிலும் சுவிட்சிலும் சர்வரிலும் குறையில்லை, பெயருக்கு முகவரி கண்டறியும் இடத்தில்தான் குறை என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. அதன் பின்னும் மூன்று நாட்கள் சென்றதற்குக் காரணம், ‘புதுப்பித்தோம், கெட்டது; ஆகவே புதுப்பிப்புதான் கெடுத்தது’ என்று நான் உட்பட எல்லாரும் எண்ணியதே.

முதலுதவியும் அதன் விலையும்

சரக்கு நிற்கக் கூடாது என்பதால் அன்று மதியம் கட்டிங் பகுதியின் மூன்று கணினிகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து நொய்யலின் முகவரியையும் அமராவதியின் முகவரியையும் கையால் எழுதினேன். இந்தக் கோப்பு இணையத்தின் மிகப் பழைய பெயர்ப் பட்டியலின் எச்சம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்த ஒற்றைக் கோப்பே வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயருக்கும் ஆதாரம். ஒவ்வொரு நிலையமும் அதன் படியை எடுத்து வைத்துக்கொள்ளும். வலை பெருகி அந்த முறை தாங்காமல் போனபோதுதான் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல், பெயரைக் கேட்டால் அதற்குரிய முகவரியைச் சர்வர்கள் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். பட்டியல் முறை போனாலும் கோப்பு போகவில்லை; இன்றும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது இருக்கிறது, டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கணினி பார்க்கிறது.

முதலுதவிக்கு அது நல்ல மருந்து. ஆனால் எந்தெந்தக் கணினியில் போட்டோம் என்பதை ஒரு தாளிலாவது எழுதி வைக்க வேண்டும். நான் எழுதவில்லை.

அமராவதியில் வேறொரு தடையும் கூடவே இருந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய பின்னும், முகவரி எண்ணால் தட்டியும்கூட அது திறக்கவில்லை. ஆனால் இம்முறை வந்த பிழைச் செய்தி வேறு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகைக் கணினிகள் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலை ஏற்பதில்லை. கோப்புப் பகிர்வில் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட வேண்டும் என்றும் கேட்கின்றன. சேமிப்புப் பெட்டி இத்தனை நாளும் விருந்தினர் அணுகலில்தான் ஓடியது. பிரிவுக்கு ஒரு பயனர் கணக்கு உருவாக்கிக் கடவுச்சொல் வைத்ததும் அது எண்ணால் திறந்தது. இது பெயர்ச் சிக்கலே அல்ல. ஆனாலும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்ததால், முதலில் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்பினோம். பிழைச் செய்தியின் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்வது எவ்வளவு தேவை என்பதை அன்று உணர்ந்தேன். ‘திறக்கவில்லை’ என்று பயனர் சொல்லும் ஒரு சொல்லுக்குள் பல வேறு குறைகள் அடங்கியிருக்கின்றன.

அடுத்த சந்தேகம் நெட்வொர்க் வகையின்மேல் விழுந்தது. புதிதாக நிறுவிய கணினிகளில் ஆலையின் நெட்வொர்க் ‘பொது’ என்ற வகையில் பதிவாகியிருந்தது. பொது இடத்து நெட்வொர்க் என்று கருதி ஃபயர்வால் பல கதவுகளை மூடிவிடும். எல்லாவற்றையும் ‘தனியார்’ வகைக்கு மாற்றினோம். உடனே கோப்பு உலாவியின் நெட்வொர்க் பட்டியலில் மற்ற விண்டோஸ் கணினிகள் வரிசையாகத் தெரிந்தன; நொய்யல் தெரியவில்லை. பட்டியலில் தோன்றுவது வேறு, பெயரைச் சொன்னால் முகவரி கிடைப்பது வேறு. முன்னது இப்போது பெரும்பாலும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற நெறிமுறையால் நடக்கிறது, லினக்ஸ் சர்வரில் அதற்கென ஒரு சேவை ஓடினால்தான் அது பட்டியலில் வரும். பட்டியல் நிறைந்ததைப் பார்த்துப் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தது என் தவறு.

செவ்வாய்க்கிழமை காலை மோடம், சுவிட்ச், சர்வர் மூன்றையும் அணைத்து ஏற்றிவிட்டு, கட்டிங் பகுதிக்குப் போய்ச் சோதித்தேன். இரண்டு பெயர்களும் உடனே பதில் தந்தன. சரியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் காங்கேயத்தில் வேறு வேலைக்குப் போனேன். நான் சோதித்த மூன்று கணினிகளும் முந்தைய நாள் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நானே எழுதி வைத்தவை. மாலைக்குள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அறையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. தற்காலிக ஒட்டு, நோயைக் குணமாக்கவில்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணைத்தான் மறைத்தது. அன்றிரவே மூன்றிலும் அந்த வரிகளை நீக்கினேன்.

யாரும் படிக்காத இரண்டு வரிகள்

புதன்கிழமை ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மெர்ச்சண்டைசர் அறையின் ஒரு கணினி முன் உட்கார்ந்தேன். கட்டளைத் திரையில், ஒரு பெயருக்கு முகவரி என்ன என்று டிஎன்எஸ்ஸைக் கேட்கும் ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையைத் தட்டி, நொய்யலின் முழுப்பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. திங்கட்கிழமையும் இதே கட்டளையை இட்டேன், இதே பதிலைப் பார்த்தேன். ஆனால் அன்று கண் நேராகக் கடைசி வரிக்குப் போய்விட்டது. இம்முறை முதலிரண்டு வரிகளைப் படித்தேன். அந்த வரிகள் விடையைச் சொல்வதில்லை. விடையைச் சொன்னது யார் என்பதைச் சொல்கின்றன. அங்கே 192.168.10.5 இருக்க வேண்டும். இருந்ததோ ‘எஃப்ஈ80’ என்று தொடங்கும் ஒரு நீண்ட முகவரி, அதாவது 192.168 என்று தொடங்கும் நான்காம் பதிப்பு முகவரி அல்ல, அதற்குப் பின் வந்த ஐபி ஆறாம் பதிப்பின் முகவரி.

இதே கட்டளையின் இறுதியில் 192.168.10.5 என்று சேர்த்து, நொய்யலையே கேள் என்று சொன்னபோது சரியான முகவரி உடனே வந்தது. ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையில் முழு விவரம் கேட்டால், டிஎன்எஸ் சர்வர்கள் என்ற வரியில் முதலாவதாக அந்த எஃப்ஈ80 முகவரியும், அதற்குக் கீழே நொய்யலின் முகவரியும் இருந்தன. சிக்கலில்லாத கொள்முதல் பிரிவுக் கணினிக்கு ஓடிப்போய் அதே கட்டளையை இட்டேன். அங்கே நொய்யல் மட்டும் இருந்தது. அதன் நெட்வொர்க் அட்டையின் பண்புகளைத் திறந்தால் ஐபி ஆறாம் பதிப்பின் எதிரே இருந்த டிக் நீக்கப்பட்டிருந்தது. பழைய 8 கணினிகளிலும் அப்படியே. மெர்ச்சண்டைசர் அறைக் கணினியில் டிக் இருந்தது.

எனக்கு முன்பு இருந்தவர் ஏதோ ஒரு காரணத்தால் எல்லாக் கணினிகளிலும் ஐபி ஆறாம் பதிப்பை அணைத்து வைத்திருந்தார். மாற்றிய 14-இல் 11 கணினிகளில் புதிய எஸ்எஸ்டி போட்டு இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவினோம். அவற்றில் அந்த டிக் இயல்பாகவே வந்துவிட்டது. மூன்றில் இருந்ததன்மேல் நிறுவினோம். அவற்றில் இரண்டில் நெட்வொர்க் அட்டையின் டிரைவரும் மாறியதால் டிக் திரும்பிவிட்டது. ஒன்றில் மட்டும் பழைய அமைப்பு தங்கிவிட்டது. விதிக்கு விலக்காக நின்ற அந்த ஒரு கணினியைத் திங்கட்கிழமையே கூர்ந்து பார்த்திருந்தால் இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும். கெட்ட பதின்மூன்றைப் பார்ப்பதைவிட, கெட்டிருக்க வேண்டியும் கெடாத ஒன்றைப் பார்ப்பதே இப்படிப்பட்ட வேலையில் விரைவான வழி என்பது என் உறுதியான கருத்து.

எஃப்ஈ80 யாருடையது என்பதை, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரல் கொண்டு பார்த்தேன். ஐபி ஆறாம் பதிப்பில் ரௌட்டர் தன் இருப்பைத் தானே அவ்வப்போது அறிவிக்கும். அந்த அறிவிப்பு, ஐசிஎம்பிவி6 என்ற கட்டுப்பாட்டுச் செய்திகளில் வகை 134. அதனுள் ‘டிஎன்எஸ் கேட்க வேண்டுமா, இந்த முகவரியில் கேள்’ என்று சொல்லும் 25-ஆம் எண் குறிப்பையும் சேர்க்கலாம். இந்த ஏற்பாட்டை இப்போது ஆர்எஃப்சி 8106 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கிறது. விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்தே கணினிகள் இதை ஏற்று நடக்கின்றன. அறிவிப்பை அனுப்பிய கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவி ஒவ்வொன்றுக்கும் உரிய வன்பொருள் எண்) எழுதிக்கொண்டு, சர்வர் அலமாரியின் மேல்தட்டிலிருந்த மோடத்தை எடுத்துத் திருப்பி, அடியில் படிந்திருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துவிட்டு, ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றே.

அந்த மோடம் வைகாசியில் வந்தது. ஒரு மாலை இடி மின்னலில் பழைய மோடம் எரிந்துபோக, இணைப்பு தருபவர்கள் மறுநாள் புதியதைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். நான்காம் பதிப்பு முகவரி வழங்கும் வேலையை நொய்யல் செய்கிறது என்பதால், புதிய மோடத்தில் அதை மறக்காமல் அணைத்தேன். ஐபி ஆறாம் பதிப்புக்கான பக்கம் தனியாக இருப்பதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மோடம் ‘என்னைக் கேள்’ என்று ஆலை முழுவதும் அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கும் காது எந்தக் கணினிக்கும் இல்லாததால் ஐந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை. வைகாசியில் விழுந்த விதை ஐப்பசியில் முளைத்தது. இயங்குதள மாற்றம் புதிதாக எதையும் கெடுக்கவில்லை, மூடியிருந்த ஒரு காதைத் திறந்துவிட்டது.

‘இல்லை’ என்பதும் ஒரு பதில்

அந்தக் கணினிகளில் நொய்யலின் முகவரியும் இரண்டாவதாக இருந்ததே, முதலாமவர் சொல்லாவிட்டால் இரண்டாமவரைக் கேட்க வேண்டியதுதானே என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி, கணினிகளோடு நாள் முழுவதும் பழகுகிறவர்களிலும் பலர் இதையே நம்பி, உள் சர்வரை முதலிலும் வெளிச் சர்வரை இரண்டாவதாகவும் எழுதி வைக்கிறார்கள். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இது. பெருமாநல்லூரில் இறங்கி ஒரு கம்பெனிக்கு வழி கேட்கிறோம். முதல் கடை பூட்டியிருந்தால் அடுத்த கடையில் கேட்போம். கடைக்காரர் இருந்து, “அப்படியொரு கம்பெனியே இந்த ஊர்ல இல்லீங்க” என்று உறுதியாகச் சொல்லிவிட்டால், அவர் பேச்சை நம்பித் திரும்பிவிடுவோம். கணினியும் அப்படித்தான் நடக்கிறது. பதிலே வராவிட்டால்தான் இரண்டாவது சர்வரிடம் போகும். ‘இல்லை’ என்று பதில் வந்துவிட்டால் டிஎன்எஸ் தேடல் அதோடு முடிந்தது. மோடம் கேள்வியை இணைப்பு தருபவரின் சர்வருக்கு அனுப்பியது. ‘லோக்கல்’ என்ற இறுதி இணையத்தின் வேர்ப் பட்டியலில் இல்லை. ஆகவே சில மில்லி விநாடிகளில் ‘இல்லை’ என்று வந்தது. அது பொய்யுமில்லை. வெளியுலகில் நொய்யல்.லோக்கல் என்று எதுவும் இல்லைதான்.

குறும்பெயரில் மட்டும் நொய்யல் திறந்ததற்கும், அது இழுத்ததற்கும் இப்போது பொருள் விளங்கியது. புள்ளியில்லாத குறும்பெயருக்கு டிஎன்எஸ் ‘இல்லை’ என்றால், விண்டோஸ் அதோடு விட்டுவிடாமல் தன் நெட்வொர்க்குக்குள்ளேயே உரக்கக் கூவிக் கேட்கும். அந்தப் பழைய வழிகளில் ஒன்று நெட்பயாஸ். 1987-இல் ஆர்எஃப்சி 1001, 1002 ஆகியவற்றில் எழுதப்பட்டது, யுடிபி 137-ஆம் வாயிலில் நடப்பது. நொய்யலில் கோப்புப் பகிர்வுக்காக ஓடும் சாம்பா என்ற நிரல் அந்தக் கூவலைக் கேட்டு ‘நான்தான்’ என்று பதில் தந்தது. சுற்றிக் கேட்டு வர எடுத்த நேரமே அந்த இரண்டு மூன்று விநாடி. ஆர்டர் மென்பொருளோ முழுப்பெயரால் தேடியது. அந்தப் பெயரில் பதில் சொல்ல அங்கே யாருமில்லை.

அமராவதி குறும்பெயரிலும் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதன் பெயரின் நீளம். நெட்பயாஸ் பெயரில் 16 இடங்கள் உண்டு. கடைசி இடம் சேவையின் வகையைக் குறிப்பதற்கு, ஆகவே பெயருக்குக் கிடைப்பது 15. அமராவதி-பேட்டர்ன் என்பதை ஆங்கில எழுத்தில் இடைக்கோடும் சேர்த்து எண்ணினால் 18. ஆறு எழுத்து நொய்யல் கூவலுக்குள் அடங்கியது, பதினெட்டு அடங்கவில்லை. ஒரே குறை இரண்டு சர்வர்களில் இருவேறு முகம் காட்டியது இதனால்தான்.

செய்த மாற்றம்

13 கணினிகளிலும் அந்த டிக்கை நீக்கிவிட்டால் அரை மணியில் முடிந்துவிடும். கட்டிங் மாஸ்டருக்கும் அதுவே விருப்பம். நான் ஒப்பவில்லை. அடுத்த டிரைவர் புதுப்பிப்பில் டிக் திரும்பினால் இதே திங்கட்கிழமை மறுபடி வரும். விண்டோஸில் ஐபி ஆறாம் பதிப்பை அணைப்பதை மைக்ரோசாஃப்ட்டும் பரிந்துரைப்பதில்லை. தவறான வழிகாட்டி நிற்பது மோடத்தில், எனவே மாற்ற வேண்டியதும் மோடத்தில்தான்.

வியாழக்கிழமை காலை நொய்யலுக்கு ‘எஃப்டி’ என்று தொடங்கும் நிலையான உள்ளூர் ஆறாம் பதிப்பு முகவரி ஒன்றைக் கொடுத்து, டிஎன்எஸ்மாஸ்க் அந்த முகவரியிலும் கேட்குமாறு அமைத்தேன். மோடத்தின் ஆறாம் பதிப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி தானாக வருவதை நிறுத்தி, நொய்யலின் புதிய முகவரியைக் கையால் இட்டேன். ரௌட்டர் அறிவிப்புக்கும், ஆறாம் பதிப்பில் முகவரி வழங்கும் டிஎச்சிபிவி6 என்ற முறைக்கும் அந்தப் பக்கத்தில் தனித்தனி இடங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது பழைய முகவரியையே தொடர்ந்து சொல்லும். மாற்றிய பின்னும் சில கணினிகளில் எஃப்ஈ80 உடனே போகவில்லை. அறிவிப்பில் வரும் டிஎன்எஸ் முகவரிக்கு ஆயுள் உண்டு, அது தீரும்வரை கணினி வைத்திருக்கும். நெட்வொர்க் அட்டையை அணைத்து ஏற்றி, ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையால் டிஎன்எஸ் நினைவகத்தையும் கழுவியதும் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு கணினியிலும் என்எஸ்லுக்கப்பின் முதலிரண்டு வரிகளைப் படித்துத் தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பதின்மூன்றும் சரியாயின.

பேக்கிங் அறையில் எஞ்சியது

பேக்கிங் பகுதியின் உபுண்டு கணினி அப்போதும் ஸ்டிக்கர் அச்சிடவில்லை. 20.04 பதிப்பின் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் அதில் 22.04-ஐப் புதிதாக நிறுவியிருந்தோம். அங்கே என்எஸ்லுக்கப் நொய்யலின் சரியான முகவரியைத் தந்தது. ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளையோ அதே பெயருக்கு, அப்படி எதுவும் தெரியாது என்றது. முரணாகத் தோன்றினாலும் முரணில்லை: என்எஸ்லுக்கப் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது, பிங்கும் பிரவுசரும் மற்ற நிரல்களும் இயங்குதளத்தைக் கேட்கின்றன. இயங்குதளம் யார் யாரை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது என்எஸ்ஸ்விட்ச் என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

அந்த வரியை வாசித்தால் கதை முழுவதும் அதில் இருந்தது. முதலில் ‘ஃபைல்ஸ்’, அதாவது ஹோஸ்ட்ஸ் கோப்பு, அடுத்து ‘எம்டிஎன்எஸ்4 மினிமல்’, அதற்கடுத்துச் சதுர அடைப்புக்குள் ‘நாட்ஃபவுண்ட் என்றால் ரிட்டர்ன்’, கடைசியில் ‘டிஎன்எஸ்’. எம்டிஎன்எஸ் என்பது சர்வரே இல்லாமல் நெட்வொர்க்கிலுள்ள எல்லாரையும் 224.0.0.251 என்ற முகவரியில், 5353-ஆம் வாயிலில், ஒரே நேரத்தில் கேட்கும் முறை. ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் க்ரோச்மாலும் எழுதி 2013 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 6762, ‘லோக்கல்’ என்ற இறுதியை இந்த முறைக்கென்றே ஒதுக்கிவிட்டது. ஆகவே நொய்யல்.லோக்கல் என்ற பெயரைக் கண்டதும் உபுண்டு எல்லாரையும் கூவிக் கேட்டது. நொய்யலில் எம்டிஎன்எஸ் பதில் சொல்லும் சேவை இல்லை. கிடைக்கவில்லை என்றால் திரும்பிவிடு என்ற கட்டளை அடுத்தே இருந்ததால், வரிசையின் கடைசியில் இருந்த டிஎன்எஸ் வரை கேள்வி போகவே இல்லை. முன்பு இருந்தவர் பழைய நிறுவலில் அந்தச் சொற்களைக் கையால் நீக்கியிருந்தார். புதிய நிறுவலில் அவை வழக்கம்போல் வந்துவிட்டன.

மறுபடியும் அந்த வரியைத் திருத்துவது எளிது. ஆனால் ஊருக்குப் பொதுவான ஒரு பெயரை நம் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது எத்தனை நாள் ஓடும்? முன்பு இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘லோக்கல்’ என்று முடிப்பது ஒரு காலத்தில் எங்கும் வழக்கமாக இருந்தது. சிறு நிறுவனங்களுக்கான பழைய விண்டோஸ் சர்வர் பதிப்பே அதைத்தான் முன்னிருப்பாகத் தந்தது. இன்று வேறு வழிகள் உள்ளன. வீட்டு நெட்வொர்க்குகளுக்கென ‘ஹோம்.ஆர்ப்பா’ 2018-இல் ஆர்எஃப்சி 8375 வழியாக ஒதுக்கப்பட்டது; உள் பயன்பாட்டுக்கென ‘இன்டர்னல்’ என்ற இறுதியை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024 ஜூலையில் ஒதுக்கியது. நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பதிந்த டொமைன் இருந்தால் அதற்குக் கீழே ஒரு கிளைப்பெயர் வைப்பதே எல்லாவற்றிலும் நல்லது என்பது என் எண்ணம். அது வேறெவருக்கும் போகாது. ஆலைக்கு மின்னஞ்சலுக்கென ஒரு டொமைன் ஏற்கெனவே இருந்தது. அதன்கீழ் ‘ஆலை’ என்ற கிளையை நொய்யலின் டிஎன்எஸ்மாஸ்க்கில் உருவாக்கி, இரு சர்வர்களையும் ப்ளாட்டரையும் பிரிண்டர்களையும் அதில் பதிந்தேன். அமராவதியின் பெயரிலிருந்து ‘பேட்டர்ன்’ என்ற வாலையும் நீக்கினேன். பழைய லோக்கல் பெயர்களை மூன்று மாதம் கூடவே வைத்திருந்து, ஒவ்வொரு மென்பொருளாகப் புதிய பெயருக்கு மாற்றினோம். ஸ்டிக்கர் அன்று மாலையே அச்சானது.

டிசைன் அறை மேக்கில் இருந்தது பெயர்ச் சிக்கல் போலத் தோன்றிய வேறொன்று. டெர்மினலில் பிங் செய்தால் நொய்யல் பதில் தந்தது, அவர்கள் பயன்படுத்தும் வெளி நிறுவனப் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை. 2024-இல் வந்த மேக்ஓஎஸ் 15 முதல், உள் நெட்வொர்க்கை அணுக ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். டெர்மினலிலிருந்து ஓடும் கட்டளைகளுக்கு அந்தத் தடை இல்லை. புதுப்பித்த அன்று வந்த கேள்விக்கு யாரோ ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டார்கள். அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்தில் அந்தச் செயலிக்கு நேரே அனுமதி கொடுத்ததும் முடிந்தது.

தை மாதத்தில் புதிய கணினிகள் 8 வந்தன. எதிலும் ஐபி ஆறாம் பதிப்பை அணைக்கவில்லை. ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துக் கம்பியைச் செருகியதும் என்எஸ்லுக்கப் தட்டி, முதலிரண்டு வரிகளில் நொய்யலின் முகவரி வருகிறதா என்று கணக்குப் பிரிவுப் பெண்ணே பார்த்து எழுதினார். எட்டிலும் வந்தது. அந்தத் தாள் இப்போது சர்வர் அலமாரியின் கதவின் உட்புறம், மோடத்தின் ஆறாம் பதிப்புப் பக்கத்தில் என்னென்ன இட வேண்டும் என்ற குறிப்போடு ஒட்டப்பட்டிருக்கிறது.